முதுகுப் புண்ணைச் சொல்லாத புத்தகம்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஓய்வு பெற்ற பிறகு நெடுந்தூரக் குதிரைப் பயணப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். வழக்கமாக நாய்க்கு உண்ணி, மாட்டுக்கு மடிவீக்கம் என்று வரும் கடிதங்களில் இந்தத் தடவை பாதிக்கு மேல் குதிரை. சரி, இந்த இதழ் முழுக்கக் குதிரைதான். மடிவீக்கக்காரர்கள் அடுத்த இதழ்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரே ஒரு புத்தகம் படிக்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் படிக்கட்டும்?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

ஐமே சிஃபெலி எழுதியதைப் படியுங்கள் அம்மா. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், அர்ஜென்டினாவில் பள்ளி ஆசிரியர். 1925 ஏப்ரலில் புவெனஸ் ஐரஸிலிருந்து இரண்டு குதிரைகளோடு வடக்கே புறப்பட்டார். ஒன்றில் அவர், மற்றதில் மூட்டை, பிறகு மாற்றிக்கொள்வார். ஆண்டிஸ் மலை, பெருவின் பாலைவனம், மத்திய அமெரிக்கா, மெக்சிகோ என்று ஏறத்தாழ 10,000 மைல் கடந்து 1928ல் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். புத்தகம் 1933ல் 'சதர்ன் கிராஸ் டு போல் ஸ்டார்' என்ற பெயரில் வந்தது. பிற்பாடு 'சிஃபெலிஸ் ரைடு' என்றே பேர் நிலைத்துவிட்டது.

குதிரைகளின் பேர் மன்ச்சா, காட்டோ. மன்ச்சா என்றால் ஸ்பானிய மொழியில் கறை. காட்டோ என்றால் பூனை. இரண்டும் கிரியோயோ இனம். குட்டையான கட்டுடல், அழகுப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பப்படுகிற முகம். புறப்படும்போது 15 வயதை எட்டியிருந்தன. நம் ஊரில் அந்த வயதுக் குதிரைக்கு யாரும் புது லாடம்கூட அடிக்கத் தயங்குவார்கள். இவற்றைக் கொடுத்த எமிலியோ சொலனெட் ஒரு கால்நடை மருத்துவர், எங்கள் ஜாதி. படகோனியாவின் தெவெல்ச்சே பழங்குடியினரிடமிருந்து அந்த இனத்தைத் தேடிப் பிடித்து வளர்த்தவர். அதன் தாங்குதிறனை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது.

எத்தனையோ சாகசம் இருக்கிறது. ஆண்டிஸில் காட்டோ வழுக்கிப் பள்ளத்தில் சரிந்து, ஒரே ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். பெருவில் ஒரு மணல்வெளிக்குப் பேரே 'மட்டகபாயோ', அதாவது குதிரைக்கொல்லி. ரத்தம் குடிக்கும் வௌவால்கள் வேறு. ஆனால் நான் இந்தப் புத்தகத்தை முதலில் வைப்பது அதற்காக இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் இந்த மனிதர் தனக்குச் சாப்பாடு தேடுவதற்கு முன்னால் குதிரைகளுக்குத் தீனி தேடுகிறார். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, எந்தப் புல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுகிறார். மூன்று வருஷப் பயணத்தில் குதிரை எங்கே இருக்கிறது என்று எந்தப் பக்கத்திலும் தேட வேண்டியதில்லை.

ஒரு இடத்தில் சொல்கிறார்: இவை பேசுமானால் மனக்கஷ்டத்தை காட்டோவிடம் சொல்வேனாம், கூத்தடிக்கக் கிளம்புவதென்றால் மன்ச்சாவைக் கூட்டிக்கொண்டு போவேனாம். முப்பத்தொரு வருஷம் மிருகங்களோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு வரியைக் கற்பனையில் எழுத முடியாது.

இரண்டும் கப்பலில் ஊர் திரும்பி, சொலனெட் பண்ணையில் கிழடாகி, 1944ல் காட்டோவும் 1947ல் மன்ச்சாவும் செத்தன. பாடம்செய்த உடல்கள் லுஹான் ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

இந்தப் புத்தகங்களில் நல்லதையும் புளுகையும் எப்படிப் பிரிப்பீர்கள்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒட்டன்சத்திரம்

எண்பதுகளின் நடுவில் பழனியில் வேலை பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஜட்கா வண்டிகள் ஓடிய காலம். ஆஸ்பத்திரிக்கு வருகிற குதிரைகளில் பத்துக்கு ஏழு முதுகுப் புண். பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில், பட்டை உரசும் இடத்தில், முதலில் முடி கொட்டும்; அப்புறம் தோல் பளபளக்கும்; அப்புறம் புண். கிழவர் ஒருவர் வண்டி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் பட்டையை அவிழ்த்ததும் உள்ளங்கையை அந்த மேட்டில் வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நிற்பார். சூடு இருந்தால் மறுநாள் வண்டி பூட்ட மாட்டார். "சவாரி நாளைக்கு வரும் சார், முதுகு போனா வராது" என்பார். அவர் குதிரையை நான் முதுகுப் புண்ணுக்காகப் பார்த்ததே இல்லை. ஆறு வருஷத்தில் இரண்டு தடவை வயிற்றுவலிக்கு வந்தது, அவ்வளவுதான்.

என் அளவுகோல் அந்தக் கிழவரின் உள்ளங்கைதான் ஐயா. ஆயிரம் மைல் போனேன் என்கிறவன் முதுகுப் புண்ணைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையா? லாடம் எங்கே மாற்றினான், தண்ணீர் எங்கே காட்டினான் என்று இல்லையா? ஒன்று அவன் போகவில்லை, அல்லது குதிரையைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது ரகம் முதலாவதைவிட மோசம்.

'ஹிடால்கோ' படம் உண்மைக் கதை என்று போட்டிருந்தார்களே?
— வாசகர், ஈரோடு

2004ல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் பிராங்க் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. 1890ல் அரேபியாவில் 3,000 மைல் பந்தயத்தில் மஸ்டாங் என்ற அமெரிக்கக் காட்டு இனத்துக் குதிரையோடு ஜெயித்தேன் என்றார். ஆராய்ந்தவர்கள் தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு பந்தயம் நடந்ததற்கான தடயமே அரபு நாடுகளிலும் இல்லை, வேறெங்கும் இல்லை.

தஸ்தாவேஜு தேட எனக்குப் பொறுமை கிடையாது. கணக்குத் தெரியும். வெயிலில் உழைக்கிற குதிரைக்கு ஒரு நாளைக்கு 40, 50 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். அரேபியாவின் நடு மணலில் அதை யார் சுமந்தார்கள்? தீனியை யார் சுமந்தார்கள்? ஒட்டகக்காரனுக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றும். படம் நன்றாக இருந்தது, பேரன்களோடு பார்த்தேன், அது வேறு விஷயம்.

எண்டியூரன்ஸ் ரைடிங் என்பதும் குதிரைப் பந்தயமும் ஒன்றா? அதற்குப் புத்தகம் உண்டா?
— பொறியாளர், ஓசூர்

கிண்டி ரேஸ் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் தம்பி. இது தாங்குதிறனைச் சோதிக்கிற நெடுந்தூரப் போட்டி, ஒரு முழு நாள். இன்றைய வடிவத்துக்கு விதை போட்டது கலிபோர்னியாவின் டெவிஸ் (Tevis) கப். 1955ல் வெண்டல் ராபி என்பவர், இந்தக் காலத்துக் குதிரையாலும் ஒரே நாளில் 100 மைல் போக முடியும் என்று காட்டுவதற்காக நண்பர்களோடு சியரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்ன் ஊருக்குப் போனார். அன்றிலிருந்து நடக்கிறது. 24 மணி நேரம்தான் கெடு. விடியுமுன் கிளம்பி, நள்ளிரவுக்கு மேலும் பாறைச் சரிவில் நிலா வெளிச்சத்தில் போவார்கள். அதற்காகவே பௌர்ணமியை ஒட்டி நாள் குறிப்பார்கள். கிளம்புகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் முடிப்பார்கள். முடித்தவருக்குப் பணம் கிடையாது, வெள்ளியில் ஒரு பெல்ட் கொக்கி. அமெரிக்க எண்டியூரன்ஸ் சங்கத்தின் வாசகமே 'முடித்தாலே வெற்றி' என்பதுதான்.

(1974ல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவர் குதிரையே இல்லாமல் அதே பாதையை ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்தார். இன்றைய 100 மைல் மலையோட்டப் போட்டிகள் அங்கிருந்து முளைத்தவை. குதிரைக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் வயிற்றெரிச்சல்.)

எனக்கு இதில் பிடித்தது, நடுநடுவே டாக்டர் உட்கார்ந்திருப்பதுதான். வெட் கேட் என்பார்கள். குதிரை வந்ததும் சேணத்தை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். நாடித்துடிப்பு குறிப்பிட்ட நேரத்துக்குள் நிமிஷத்துக்கு 64க்கு இறங்க வேண்டும். சில போட்டிகளில் 60. சும்மா நிற்கிற குதிரைக்கு 30 முதல் 40. அப்புறம் ஈறை அழுத்தி நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, தோலைக் கிள்ளிவிட்டால் எவ்வளவு நேரத்தில் படிகிறது, குடல் சத்தம் கேட்கிறதா, ஓட்டிப் பார்த்தால் நொண்டுகிறதா. கெர்ரி ரிட்ஜ்வே என்ற டாக்டர் ஒரு சோதனை கொண்டுவந்தார். நாடி பார்த்துவிட்டு 125 அடி போய்த் திரும்பி ஓடி வரச் சொல்வது. தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிஷத்தில் மறுபடி நாடி. இரண்டாவது எண் முதலாவதைவிட ஏறியிருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. ஒரு கடிகாரம், ஒரு ஸ்டெதாஸ்கோப், வேறு செலவில்லை. டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முதலில் வந்தவரானாலும் வீட்டுக்குப் போக வேண்டியது. டெவிஸில் முதல் பத்துக்குள் வந்த குதிரைகளை மறுநாள் சோதித்து, எது இன்னும் ஓடத் தயாராக இருக்கிறதோ அதற்கு ஹாகின் கப் என்று தனிக் கோப்பை. பெரிய பரிசு அதுதான் என்பேன், முதலில் வந்ததற்கான பரிசு இல்லை.

புத்தகம்: கால்நடை மருத்துவர் நான்சி லவிங் எழுதிய 'கோ தி டிஸ்டன்ஸ்' (1997). கதைப் புத்தகம் இல்லை. ஆனால் என்னை ஒரு இரவு தூங்க விடவில்லை. என் முதல் வருஷ வேலையில், மே மாதக் கல்யாண ஊர்வலக் குதிரை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். வேர்த்து நுரை தள்ளி நிற்கிறது, விலாவுக்குக் கீழே வயிறு டக் டக்கென்று துடிக்கிறது. வயிற்றுவலி என்று நினைத்து ஊசி போட்டேன். அடங்கவில்லை. மூத்த டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, என் இன்னொரு கையைக் குதிரையின் விலாவில் வைத்தார். இதயமும் வயிறும் ஒரே தாளம். கறவை மாட்டுப் பால்காய்ச்சலுக்கு வைத்திருந்த கால்சியம் பாட்டிலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். பாட்டில் பாதியில் துடிப்பு நின்றது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் வெட்கத்தில் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தில் படிக்கிறேன்: எண்டியூரன்ஸ்காரர்கள் அதற்கு 'தம்ப்ஸ்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். குதிரையின் வியர்வையில் உப்புகள் ஏராளம். வெயிலில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வேர்க்கும். கால்சியம் குறைந்ததும் உதரவிதானத்தின் நரம்பு, பக்கத்தில் அடிக்கிற இதயத்தின் துடிப்புக்கெல்லாம் துள்ளுகிறது. உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் குதிரைக்குத் தாகமே எடுக்காது என்பதையும் அங்கேதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். தண்ணீரைக் காட்டினால் முகத்தைத் திருப்பும். 'வேண்டாமென்கிறதே' என்று விட்டால் போச்சு.

வாயில்லா ஜீவனை 160 கிலோமீட்டர் ஓட்டுவது கொடுமை இல்லையா?
— இல்லத்தரசி, தாம்பரம்

டாக்டர் இல்லாமல் ஓட்டினால் கொடுமைதான் அம்மா. 1892 அக்டோபரில் ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய-ஹங்கேரி அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் ஓட்டினார்கள். சுமார் 580 கிலோமீட்டர். ஜெயித்த ஸ்டாரம்பெர்க் பிரபு 71 மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டார். பரிசு அவருக்கு, அவர் குதிரை ஆதோஸ் செத்தது. அது ஒன்று மட்டுமில்லை, வழியிலும் வந்து சேர்ந்த பிறகும் இருபதுக்கு மேல் செத்தன. அந்தக் காலத்திலேயே ஊர் காறித் துப்பியது.

இப்போது மட்டும் எல்லாம் சுத்தமா என்றால், இல்லை. பாலைவனச் சமவெளியில் பணத்தைக் கொட்டி வேகம் பார்க்கும் போட்டிகளில் கால் எலும்பு முறிந்த குதிரைகளின் படங்கள் வெளிவந்தன. 2015ல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டமைப்பையே கொஞ்ச காலம் தள்ளி வைத்தது. உங்கள் கேள்வி நியாயமானது. நான் ரசிப்பது பாறையில் மெதுவாகப் போகிறவர்களை.

பெண்கள் எழுதியவை உண்டா?
— வங்கி ஊழியர், மதுரை

நிறைய. இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1873ல், நாற்பது தாண்டிய வயதில், முதுகெலும்பு நோவோடு, அமெரிக்காவின் ராக்கி மலையில் பேர்டி என்ற குதிரையில் சுமார் 800 மைல் தனியாகச் சுற்றினார். 1879ல் புத்தகம். பெண்கள் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார வேண்டிய காலம். அவருக்கு அப்படி உட்கார்ந்தால் முதுகு போய்விடும் என்பதால் ஆண்களைப் போலவே இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். லண்டன் பத்திரிகை ஒன்று ஆண் உடை போட்டாள் என்று எழுதியதும் கொதித்துப் போய், அடுத்த பதிப்பில் என் உடை இன்ன மாதிரி என்று ஒரு குறிப்பே சேர்த்தார். பனியில் பேர்டியின் குளம்பில் உருண்டை கட்டுவதைப் பற்றி எழுதுகிறவரின் உடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாருங்கள்.

நம் காலத்தில் லாரா பிரையர்-பால்மர். மங்கோலிய டெர்பி என்று 1,000 கிலோமீட்டர் போட்டி 2009 முதல் நடக்கிறது. செங்கிஸ்கானின் அஞ்சல் குதிரை முறையைப் போல 40 கிலோமீட்டருக்கு ஒரு குதிரை மாற்ற வேண்டும். 2013ல் 19 வயதில், ஏதோ ஒரு வேகத்தில் பேர் கொடுத்துப் போய், ஜெயித்தே விட்டார். முதலில் முடிவுக்கோட்டைத் தாண்டியது வேறொருவர். அவர் குதிரையின் நாடி நேரத்துக்குள் இறங்காததால் தண்டனை நேரம் விழுந்தது, லாராவுக்கு வெற்றி. ஸ்டெதாஸ்கோப் முடிவு செய்த போட்டி! 'ரஃப் மேஜிக்' (2019) அருமையான நடை. ஆனால் இருபத்தைந்து குதிரை மாறுவதால் எந்த முதுகும் நமக்கு நிலைப்பதில்லை. எழுதியவரின் மனசு மட்டும்தான் கடைசிவரை கூட வருகிறது. எனக்குப் பாதி நிறைவு. என் மகளுக்கு முழு நிறைவு.

ஒரே குதிரையில் அதிக தூரம் போனவர் யார்?
— எட்டாம் வகுப்பு மாணவன், தென்காசி

எல்லோரையும் அளந்து பார்க்க முடியாது கண்ணா. எனக்குப் பிடித்தவர் திமித்ரி பெஷ்கோவ், கோசாக் என்ற ரஷ்யக் குதிரைப்படையின் அதிகாரி. ரஷ்யாவின் கிழக்குக் கோடி பிளாகவேஷென்ஸ்கிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை, சைபீரியக் குளிர்காலத்தில், 8,000 கிலோமீட்டருக்கு மேல். 1889 நவம்பரில் கிளம்பி 1890 மே மாதம் சேர்ந்தார். செர்கோ என்ற சின்ன சாம்பல்நிறக் குதிரை, அது ஒன்றேதான். அதுவும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

குதிரை நின்றுகொண்டே தூங்குமாமே?
— அதே மாணவன் (ஒரே அஞ்சலட்டையில் இரண்டு கேள்வி!)

தூங்கும். காலில் பூட்டு மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தே ஆக வேண்டும். பயந்த குதிரை படுக்காது.

குதிரை ஏறவே தெரியாத ஒருவர் நெடும்பயணம் போக முடியுமா? உங்களுக்கு ஏறத் தெரியுமா?
— வாசகர், புதுச்சேரி

முதல் கேள்விக்குப் பதில் டிம் கோப். ஆஸ்திரேலியர். 2004ல் மங்கோலியாவிலிருந்து ஹங்கேரிக்குக் கிளம்பியபோது சவாரிப் பழக்கம் கிட்டத்தட்ட இல்லை. ஆரம்பத்திலேயே குதிரைகளைத் திருட்டுக் கொடுத்தார். கசக்ஸ்தானில் ஒரு நாய்க்குட்டி சேர்ந்துகொண்டது. 10,000 கிலோமீட்டர் போய் முடிக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. 'ஆன் தி டிரெயில் ஆஃப் செங்கிஸ் கான்' தடித்த புத்தகம். அரசியல், சரித்திரம் என்று இழுக்கும் இடங்களைத் தாண்டிப் படித்தால் குற்றமில்லை. மேய்ச்சல்காரர்களிடம் திட்டு வாங்கி வாங்கி மூட்டை கட்டக் கற்றுக்கொள்ளும் பகுதிகளைத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது கேள்வி. மாணவனாக இருந்தபோது மூன்று தடவை ஏறினேன், மூன்று தடவையும் விழுந்தேன். மூன்றாவது தடவை குதிரை நின்றுகொண்டிருந்தது.

சிஃபெலி புத்தகத்தை இரவல் தருவீர்களா? தபால் செலவு என்னுடையது.
— வாசகர், நாகர்கோவில்

ஒரு தடவை ஒருவருக்குத் தந்தேன். பதினான்கு மாதம் கழித்து வந்தது, ஆண்டிஸ் மலைப் பக்கங்களில் சாம்பார் வாசனையோடு. அதனால் தபாலில் கிடையாது. திண்டுக்கல் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம், காபி உண்டு. மதியம் இரண்டிலிருந்து நாலு மணிவரை நான் தூங்குவேன், படுத்துத்தான். அப்போது மட்டும் மணி அடிக்காதீர்கள்.